அசதியில் ஓடிய எஞ்சின்

எட்டாங்குளம் என்று பேர் இருந்தாலும் அந்த ஊரில் குளம் என்று காட்ட ஒரு பள்ளமும் அதில் நாலு கருவேல மரமும்தான் இருந்தன. குழாயில் எட்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி வரும், அதுவும் வந்தேன் போனேன் என்று வரும். கடலைப் பார்த்தவர்கள் என்று எண்ணினால் திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனவர்கள் மட்டும்தான், அவர்களும் தலையில் தடவின சந்தனம் காய்வதற்குள் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டவர்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு மாரிக்கனி மாசத்துக்கு இரண்டு தடவை நீர்மூழ்கிக் கப்பல் வரைந்துகொண்டிருந்தாள்.

பத்தாவது வரைக்கும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தீப்பெட்டிக்கு ஒட்டுகிற லேபிளில் மயிலும் கிளியும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவளைத்தான் அச்சாபீஸ் தங்கராசு அண்ணாச்சி கூப்பிட்டு, மிச்சம் விழுகிற தாளில் ஒரு படக்கதைப் புத்தகம் போடலாம் என்று தோன்றுகிறது, கதை நான் எழுதுகிறேன், படம் நீ போடு என்றார். அப்படிப் பிறந்தவர்தான் கேப்டன் திருமேனி. அவருடைய கப்பலுக்கு வெள்ளிவாளை என்று பேர் வைத்தது மாரிக்கனி. வாளை மீனைக் கருவாடாகத்தான் பார்த்திருக்கிறாள், ஆனாலும் அந்த நீளமும் பளபளப்பும் அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரம் அண்ணாச்சி கையில் ஒரு போஸ்ட் கார்டோடு உட்கார்ந்திருந்தார்.

"போன புத்தகத்துல கொஞ்சம் கை மீறி எழுதிட்டேம்மா," என்றார். "முத்துக்குளிக்கிறவங்க பன்னெண்டு பேரை வில்லன் கொண்டுபோயி சமுத்திரத்தோட அந்தக் கடைசிப் பாறையில விட்டுட்டான்ல, விடியறதுக்குள்ள தண்ணி ஏறிரும்னு வேற போட்டுட்டேன். இப்ப பாரு, ஏழாப்பு படிக்கிற பிள்ளை, வசுமதியாம், எழுதியிருக்கு. வெள்ளிவாளை மணிக்கு முப்பது மைல் போகும், பாறை எட்டாயிரம் மைல், வகுத்துப் பார்த்தேன், பதினோரு நாள் ஆகும், அதுக்குள்ள பன்னெண்டு பேரும் செத்துருவாங்க, தாங்கள் கவனிக்கவும்னு."

"கெட்டிக்காரப் பிள்ளையா இருக்கே."

"கெட்டிக்காரப் பிள்ளைகதான் நம்ம பொழப்பக் கெடுக்கிறது. நீ ஒரு எஞ்சின் போட்டுரு. வேகமான எஞ்சின். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"எம்புட்டு வேகம் அண்ணாச்சி?"

"விடியறதுக்குள்ள போய்ச் சேரணும். அம்புட்டுதான்."

மாரிக்கனிக்கு ஒன்றரை வயசில் வடிவு என்று ஒரு மகள். பல் முளைக்கிற காலம். இடுப்பை விட்டு இறங்கமாட்டேன், இறக்கினால் ஊரைக் கூட்டுவேன் என்கிற காலம். புருஷன் சங்கரபாண்டி போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், கோடை முழுக்க ஊர் மோட்டார் எல்லாம் எரிந்து எரிந்து அவன் கடைக்குத்தான் வரும். ஆகையால் புதன்கிழமை மத்தியானம் மகளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, காலையில் ஊறப்போட்ட பாத்திரம் ஊறினபடியே கிடக்க, வலது கையால் அவள் எஞ்சின் வரைய ஆரம்பித்தாள். வேறு எஞ்சின் தெரியாததால் தெரிந்ததையெல்லாம் போட்டாள். இட்லிக் கொப்பரை மாதிரி ஒரு நீராவி அறை, மாவு மில்லில் ஓடுகிற மாதிரி ஒரு பெல்ட், புருஷன் கட்டுகிற காயில் மாதிரி சுற்றுச் சுற்றாகச் செம்புக் கம்பி, அச்சாபீஸ் மிஷினில் இருக்கிற மாதிரி ஒரு பெரிய சக்கரம், எல்லாவற்றையும் கிளப்பிவிட வீட்டுக்கு வீடு சுவரில் இருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டி. பெட்டியில் ஒரு பொத்தான் வரைந்து பக்கத்தில் 'பச்சை' என்று எழுதினாள்.

எரிபொருள் என்ன போடுவது என்பதில்தான் பேனா நின்றது. டீசல் என்றால் தண்ணிக்குள் புகை எங்கே போகும் என்று அந்த வசுமதி கேட்பாள். கரண்ட் என்றால் எட்டாங்குளத்துக்காரியான தனக்கே நம்பிக்கை வராது. எவ்வளவு எடுத்தாலும் தீராதது என்ன, இறைக்க இறைக்க ஊறுவது என்ன, எந்த வீட்டில் கேட்டாலும் இல்லை என்று சொல்லாதது என்ன என்று யோசித்துக்கொண்டே, கனத்துப்போன இடுப்பிலிருந்து மகளை மறு இடுப்புக்கு மாற்றினவள், சிரித்துவிட்டு, 'எரிபொருள்: அசதி' என்று எழுதினாள்.

சிணுங்கிக்கொண்டிருந்த வடிவு கையை நீட்டி அந்தப் பொத்தானில் விரலை வைத்தது. எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது.

சத்தம் பெரிதாக இல்லை. அடுத்த தெருவில் மாவு மில் ஓடுகிற மாதிரி. வடிவு சிணுங்கலை நிறுத்திவிட்டு இடுப்பை விட்டு வழுக்கி இறங்கி, தலை வாரிப் பூ வைத்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றது. மாரிக்கனியும் தாளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அவளுடைய அசதி, முழங்காலில் இருந்ததும் தோளில் இருந்ததும் பிள்ளை பெற்ற நாளிலிருந்து முதுகெலும்பில் குடியிருந்ததும், தொட்டியின் அடைப்பை எடுத்ததும் தண்ணி சுழித்து இறங்குகிற மாதிரி கை வழியாக இறங்கிப் போனது. அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். பிறகு துணி துவைத்தாள். பிறகு மீதிப் பன்னிரண்டு பக்கத்தையும் வரைந்து முடித்து வியாழக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஓடுது அண்ணாச்சி," என்றாள்.

அண்ணாச்சி காதை வைத்துக் கேட்டார். கையை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, இருபது வருஷமாகப் பரண்மேல் ஏற்றாமல் கிடந்த ஈய எழுத்துப் பெட்டிகளைத் தானே தூக்கி ஏற்றினார்.

அச்சடித்த பிரதிகளில் அது வெறும் படமாகத்தான் இருந்தது. ஓடினது மாரிக்கனி கையால் வரைந்த அந்த ஒரு தாள் மட்டும்தான். அதை அண்ணாச்சி சட்டம் போட்டு அச்சாபீஸ் முன்சுவரில் மாட்டினார். சேதி தெரிந்து முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள். தீப்பெட்டி ஆபீசில் பதினாலு வயசிலிருந்து குச்சி அடுக்குகிறவள், நாற்பது வயசு, நாலு பிள்ளை. அவள் ஒரு காலிக் குடத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய், சோறு வடித்துவிட்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் குடம் வைத்தார்கள். ஏன் குடம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் வரிசை என்றால் குடம்தான். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அச்சாபீஸ் வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் நிற்க, ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கையை வைத்துவிட்டு, வந்த நடை வேறு போகிற நடை வேறாகப் போனார்கள்.

"எப்படி இருக்கு மதினி?" என்று மாரிக்கனி கேட்டாள்.

"உடம்பு மேல ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான் புள்ள. இறங்கிப் போயிட்டான்," என்றாள் சீனியம்மாள்.

ஊர் அதை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. தீப்பெட்டி ஆபீசில் முதலில் அரைமணி நேரம் கூட வேலை பார்த்தார்கள், பிறகு ஒரு மணி, பிறகு யார் எப்போது போகிறார்கள் என்று பார்ப்பதையே விட்டுவிட்டார்கள், போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தையல்காரர் தீபாவளிச் சட்டையை ஆடியிலேயே தைத்து முடித்துவிட்டு, பொங்கலுக்கு அளவெடுக்க வீடு வீடாகப் போனார். டீக்கடை பெஞ்சில் உட்கார ஆள் இல்லை. அசதியாக இருக்கிறது ஒரு டீ போடு என்று சொல்லாத ஊரில் டீயை யார் குடிப்பது? வருஷா வருஷம் வருகிற பாய் வியாபாரி தோளில் வைத்த கட்டைப் பிரிக்காமலே நாலு தெருவும் நடந்துவிட்டுத் திரும்பிப் போனார். பஞ்சாயத்தில் கூடி, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பாரம் தூக்குகிறவர்களுக்கும் குடம் வேண்டாம், நேரே போய்க் கை வைக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். எல்லா வேலையும் முடிந்தது. முடிந்ததும் இன்னும் வேலை இருந்தது.

எஞ்சின் சத்தம் நாளுக்கு நாள் கூடியது. குளத்துப் பள்ளத்தில் ஆடு மேய்க்கிறவர்கள், தரைக்கடியில் என்னமோ நீளமாகப் போகிறது என்றார்கள். வற்றின கிணறுகளில் உப்பு வாடை அடித்தது. அதையும் பழகிக்கொண்டார்கள்.

கேப்டன் திருமேனிக்குத்தான் ஒரு சங்கடம் வந்தது. வெள்ளிவாளை விடிவதற்குள் பாறைக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த வேகத்தில் தாண்டியும் போய்விட்டது. மாரிக்கனி அடுத்த புத்தகத்துக்குக் கப்பலைப் பாறைப் பக்கத்தில் நிறுத்தித்தான் வரைந்தாள், ஆனால் மை காய்வதற்குள் அது கட்டத்தின் வலதுபக்க ஓரத்துக்குப் போய், வால் மட்டும் தெரிந்தது. ஒரு சுற்று சுற்றித் திரும்ப வந்தார்கள், திரும்பவும் தாண்டினார்கள். பன்னிரண்டு பேரும் இடுப்பளவு தண்ணியில் நின்று கையை ஆட்டுவார்கள், கேப்டனும் உள்ளேயிருந்து கையை ஆட்டுவார், கப்பல் போய்விடும். இப்படி நாலு புத்தகத்தில் ஏழு தடவை. வசுமதியிடமிருந்து கார்டு வந்தது: "கேப்டன் ஏன் நிற்கமாட்டேன் என்கிறார்? அவர்களுக்குக் கை வலிக்காதா?"

மாரிக்கனி அந்தக் கார்டைச் சமையல்கட்டு ஆணியில் குத்திவைத்தாள். அவளுக்கும் நிற்க நேரம் இல்லை. முன்னால் ஒரு புத்தகம் வரைந்தவள் இப்போது மூன்று வரைந்தாள், ஆறு லேபிள் வரைந்தாள், வாசலில் படி வைத்துக் கோலம் போட்டாள். ஒன்றும் வலிக்கவில்லை. ஆனால் அசதி எழுந்து போன இடத்தில் வேறு என்னமோ வந்து உட்கார்ந்துகொண்டு, பேரும் சொல்லாமல் எழுந்தும் போகாமல் இருந்தது. தாளில் கை வைத்தால் அது இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவுக்கு நகம் வெட்ட உட்கார்ந்தாள். வெட்ட நகம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும். கதவு நிலையில் அமாவாசைக்கு அமாவாசை சாக்பீசால் மகள் உயரத்துக்குக் கோடு போடுகிற வழக்கம், இரண்டு தடவையாக மறந்திருந்தாள். கூட்டிக்கொண்டு போய் நிறுத்திப் பார்த்தாள். இரண்டு அமாவாசைக்கு முந்தின கோட்டுக்குச் சரியாக நின்றது தலை. மேல் கடைவாய்ப்பல் இரண்டும் ஈறில் வெள்ளையாகத் தெரிந்தது தெரிந்தபடியே நின்றிருந்தன.

அப்போதுதான் மாரிக்கனி உட்கார்ந்து யோசித்தாள். எஞ்சின் ஓட ஆரம்பித்த அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு இந்தப் பிள்ளை தூங்கவில்லை. யாருமே தூங்கவில்லைதான், பெரியவர்களுக்கு அது வசதியாக இருந்தது, ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தூக்கத்தில்தானே பிள்ளை வளரும். தூக்கித் தோளில் போட்டாள். வடிவு அழவில்லை, சாயவும் இல்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு தெருவைப் பார்த்தது. தோளில் கனமே இல்லை.

நேரே மகளோடு புருஷன் கடைக்குப் போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அச்சாபீசுக்கு வந்தாள். இரண்டு மாசமாக எரிந்த மோட்டாரிலிருந்து தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருந்த சங்கரபாண்டி, பெண்டாட்டி செய்த எஞ்சினை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தான்.

"காயில் நல்லாச் சுத்தியிருக்க," என்றான். பிறகு கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "பச்சை இருக்கு. சிவப்பு எங்க?"

"எந்தச் சிவப்பு?"

"ஸ்டார்ட்டர்ல பச்சைக்குக் கீழ சிவப்புப் பொத்தான் இருக்கும்ல. நிறுத்துறதுக்கு."

மாரிக்கனி யோசித்துப் பார்த்தாள். "ஏங்க, இந்த ஊருல அத யாரு அமுக்கியிருக்கா? மோட்டாரப் போட்டுட்டுப் போவோம், பாதித் தண்ணியில கரண்டு போயிரும், அதுவா நின்னுரும். நான் அத ஒரு பொத்தான்னே நினைச்சதில்ல."

சங்கரபாண்டி தலையைச் சொறிந்தான். "நெசந்தான். நானே கடையில ஒயர உருவித்தான் நிறுத்துறேன்."

லேபிளுக்கு வைத்திருந்த சிவப்பு மையில் பேனாவைத் தொட்டு எடுத்தவள் சட்டத்தைக் கழற்றப் போனாள். வரிசையில் முதல் குடம் சீனியம்மாளுடையது.

"என்ன புள்ள செய்யுற?"

"நிறுத்தப் போறேன் மதினி."

"எத?"

"எஞ்சின."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி மேஜையை விட்டு எழுந்து வந்தார். "ஏம்மா, நாலாயிரம் புத்தகம் போகுது இப்ப. என்னத்துக்கு நிறுத்தணும்?"

"நின்னா, உள்ள போனதெல்லாம் என்ன ஆகும்?" என்று சீனியம்மாள் சங்கரபாண்டியைக் கேட்டாள்.

"எங்கிட்டிருந்து வந்ததோ அங்கிட்டுத்தான் போகும் மதினி. அது அது ஆளைத் தேடி வந்துரும்."

"அப்ப நிறுத்த வேண்டாம்," என்றாள் சீனியம்மாள். குரல் உயரவில்லை. "உனக்கு ரெண்டு வருசத்து அசதி. எனக்கு இருபத்தாறு வருசம். அத நீ திரும்ப என் முதுகுல ஏத்துவ, நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமோ?"

சீனியம்மாள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று மாரிக்கனிக்குத் தெரிந்தது. மகளைக் காட்டினாள். "தூங்கமாட்டேங்குது மதினி. வளரவும் இல்ல. நகம்கூட வளரல."

"கொண்டா இங்கிட்டு. நாலு பெத்து நாலையும் தோள்ல போட்டுத்தான் வளத்தேன், உனக்குத் தூங்க வைக்கத் தெரியல." சீனியம்மாள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு முதுகில் தட்டினாள், ரெண்டு நடை நடந்தாள், இன்னும் ரெண்டு நடை. வடிவு விறகுக்கட்டை மாதிரி நிமிர்ந்தே இருந்தது. சீனியம்மாள் தட்டுவதை நிறுத்திவிட்டு, கையால் பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள், திரும்ப வைத்துப் பார்த்தாள்.

"கனமே இல்லையே புள்ள," என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் தங்கள் தங்கள் பிள்ளையைக் கடைசியாக எப்போது தோளில் போட்டோம் என்று கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. சீனியம்மாள் தன் கடைசி மகனுக்கு அரைக்கால் சட்டை இரண்டு மாசமாகச் சரியாகவே இருப்பதை நினைத்துக்கொண்டாள்; துணி நல்ல துணி என்றல்லவா எண்ணியிருந்தாள்.

"நிறுத்திரு," என்றாள். "ஆனா ஒரு நாழி பொறு. அடுப்புல உலை கிடக்கு. அணைச்சிட்டு வாரேன்."

அது சரியான யோசனை என்று எல்லோருக்கும் பட்டது. தமுக்கு அடித்தார்கள். அடுப்புகளை அணைத்தார்கள், தீப்பெட்டி ஆபீசில் மருந்து அறையைப் பூட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்கள், ஆடுமாட்டுக்குத் தண்ணி காட்டினார்கள், பத்தரை மணி பஸ்ஸின் டிரைவரைக் கீழே இறக்கி வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பாய் வைத்திருந்தவர்கள் பாய் விரித்தார்கள். அண்ணாச்சி அச்சடிக்காத தாள் கட்டு ஒன்றைப் பிரித்து விரித்து, தலைமாட்டுக்குப் போன மாசத்துப் பிரதிகளை அடுக்கிக்கொண்டார். "நான் எழுதினத நானே தலைக்கு வச்சுப் படுக்குறது இதான் மொதத் தடவை," என்று சொல்லிக்கொண்டார். வாசலில் குடங்கள் மட்டும் வரிசை கலையாமல் நின்றன.

மாரிக்கனி பச்சைக்குக் கீழே வட்டமாக ஒரு சிவப்புப் பொத்தான் வரைந்தாள். மை காயும்வரை ஊதினாள். மகளைத் தூக்கி, அந்தச் சின்ன விரலைப் பிடித்து அதன் மேல் வைத்து அமுக்கினாள்.

சத்தம் இறங்கி இறங்கி நின்றது. அப்புறம் அசதி வந்தது. மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் பொழுது சாய்கிற நேரத்தில் தெருவுக்குள் நுழைந்து, யாரும் ஓட்டாமலே அது அது வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி வந்து, அவரவரைக் கண்டுபிடித்து அவரவர் மேல் படுத்துக்கொண்டது. சீனியம்மாளுடையது வந்துகொண்டே இருந்தது. அவள் சுவரோரம் உட்கார்ந்து, "வா, வா, உனக்கு வேற ஆள் கிடைக்கல," என்று முனகிவிட்டுப் பக்கவாட்டில் சரிந்தாள். சங்கரபாண்டி நின்ற இடத்திலேயே மடங்கினான். எட்டாங்குளம் பட்டப்பகலில் பதினொரு மணிக்குத் தூங்கப் போய், மூன்று நாள் தூங்கியது. ஓரமாகக் கிடந்த டிரைவருக்குக்கூட யாருடைய அசதியோ கொஞ்சம் ஏறிவிட்டதாகச் சொல்வார்கள்.

நாலாம் நாள் எழுந்தபோது எல்லோருக்கும் கை கால் வலித்தது. டீக்கடை பெஞ்சில் ஆள் உட்கார்ந்தது, டீ போடச் சொன்னது. ஆறு மணிக்குச் சங்கு ஊதினதும் சீனியம்மாள் குச்சிச் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். இன்னும் கொஞ்சம் என்று மேஸ்திரி சொன்னதற்கு, "எனக்கு அசதியா இருக்கு," என்றாள், இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி. அவளுக்குப் பின்னால் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள்.

அச்சாபீஸ் சுவரில், சட்டத்துக்குள் இருந்த அந்தத் தாளில் மாரிக்கனி வரையாத ஒன்று இருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்துத் தரையில், ஈரத் துணியோடு, முத்துக்குளிக்கிற பன்னிரண்டு பேரும் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் திருமேனி ஸ்டார்ட்டர் பெட்டியில் முதுகைச் சாய்த்து, தொப்பி மூக்குக்கு இறங்கியிருக்க, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதைத்தான் அப்படியே அடுத்த புத்தகத்தின் அட்டையில் போட்டார்கள். வசுமதி எழுதினாள்: "எப்போது எழுந்திருப்பார்?" அண்ணாச்சி கார்டை நீட்டி என்ன பதில் போடட்டும் என்று கேட்டபோது, "எழுப்ப வேண்டாம்னு போடுங்க அண்ணாச்சி," என்றாள் மாரிக்கனி.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டினாள். பத்து விரலிலும் வெட்ட இருந்தது. கதவு நிலையில் பழைய கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை தள்ளிப் புதுக்கோடு விழுந்தது. பாத்திரம் ஊறிக்கொண்டிருந்தது, வரைய வேண்டிய பக்கம் பதினாறு கிடந்தது, முழங்காலில் இருந்ததும் முதுகெலும்பில் இருந்ததும் பழைய இடத்திலேயே குடியேறியிருந்தன. வடிவு வாயைத் திறந்து, எச்சில் ரவிக்கையை நனைக்க, முழுப் பாரத்தையும் அவள் இடது தோளில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. தோள் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. வலது தோளுக்கு மாற்றலாமா என்று நினைத்தாள்; மாற்றவில்லை.